நான் படிக்காமல் விட்ட இரண்டாம் பக்கம்

அடியே,

போன வாரம் என் வலது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இன்று காலை திண்டிவனம் மார்க்கெட்டில் புது மல்லாட்டை வந்திருந்தது. போர்டில் வேர்க்கடலை என்று எழுதியிருந்தார்கள். பழக்கதோஷம், ஒன்றை உடைத்துப் பருப்பை வாயில் போட்டு வலது பக்கம் தள்ளினேன். அங்கே பல் இல்லை. இடது பக்கம் கடித்துப் பார்த்தேன். ஈரமா, காய்ந்ததா, ஒரு மண்ணும் விளங்கவில்லை. கடைக்காரர், "இன்னாம்மா, இம்மாம் நேரமா மென்னுக்கினே நிக்கிறீங்க? நல்லா காஞ்ச சரக்கும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பையை நீட்டும்போது, நீ போய் ஐந்து மாதமாகிறது என்பது நினைவுக்கு வந்து கண் கலங்கியது. அவர் பயந்துபோய் ஒரு பிடி கூடவே போட்டார்.

இந்தப் பல்லைப் பற்றி உனக்குத் தெரிந்த அளவு எந்த டாக்டருக்கும் தெரியாது. நமக்குள் வந்த பெரிய சண்டை அதனால்தான். அதை ஒரு தடவை முழுசாக உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நீ இருந்தவரை நாம் அதில் பாதியைத்தான் பேசினோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மல்லாட்டைப் பருப்பைப் பொறுக்கித் தரம் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் அந்தக் கம்பெனிக்கு இரண்டு ஆலைகள். நீ விழுப்புரத்து லேப்பில், நான் திண்டிவனத்து லேப்பில். இரண்டு பேரும் கெமிஸ்ட்ரி படித்தவர்கள், இரண்டு பேரும் டெம்பரரி. கப்பலில் போன சரக்கு ஒரு தடவை பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்ததும் மெட்ராஸ் ஆபீஸ் விழித்துக்கொண்டது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஓர் ஆலையின் லேப் ஆள் மற்ற ஆலைக்குப் போய்த் தரத்தை ஆடிட் செய்ய வேண்டும், பார்த்ததை ரிப்போர்ட்டாக எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அதோடு விட்டார்களா? ஆடிட் செய்தவர் அந்த வேலைக்குத் தகுதியானவர்தானா என்று, ஆடிட் செய்யப்பட்டவர் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். "மாமியாரும் மருமவளும் ஒருத்தருக்கொருத்தர் மார்க்கு போட்டுக்கற மாதிரி இருக்குதுடி" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. அந்தப் படிவங்களில் தேறுகிறவர் பெயர் ஆடிட்டர் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் லேப்பை விட்டே போக வேண்டியதுதான்.

நீ முதல் தடவை வந்தபோது எங்கள் வாட்ச்மேன் ஆடிட் என்றதும் பதறிப்போய் கேஷியரைக் கூட்டி வந்துவிட்டார். "கணக்கு பாக்க வரலைங்க, மல்லாட்டை பாக்க வந்திருக்கேன்" என்று நீ சொன்னதும், இதற்கு ஒரு ஆளா என்று வாட்ச்மேன் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் அப்புறம் வருஷக்கணக்கில் உன்னை மல்லாட்டை அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

மல்லாட்டைக்கு ஈரம்தான் எமன். ஈரம் கூடினால் பூஞ்சை. அதனால் ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து, எடை போட்டு, ஓவனில் காய வைத்து, மறுபடி எடை போட்டு, ஈரம் எவ்வளவு என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் கரண்ட் வேண்டும். எங்கள் பக்கம் அந்தக் கோடையில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். லாரிக்காரர் வாசலில் நின்று கத்துவார். பருப்பு பொறுக்கும் பெண்களில் மூத்தவரான அஞ்சலை அக்காதான், "இதுக்குப் போயி ஏம்மா பேஜாரு? கட்ச்சிப் பாரு. நறுக்குனு ஒட்ஞ்சா காஞ்சது, பல்லுல ஒட்டுனா ஈரம்" என்றார். ஓவன் ஓடிய நாட்களில் நானும் கடித்துப் பார்த்து, பல் சொன்னதை ஓவன் சொன்னதோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். சில மாதங்களில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் கரண்ட் இல்லாத நாட்களில் கடித்துப் பார்த்துவிட்டு, ஓவனில் பார்த்த மாதிரியே ரிஜிஸ்டரில் எழுத ஆரம்பித்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்குக்கூடச் சொல்லவில்லை.

நீ அதைக் கண்டுபிடித்த நாள் அமாவாசை. பாதி பஸ்களை மேல்மலையனூர் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து நின்றபடியே வந்து, கசங்கிய புடவையோடு பத்தரை மணிக்கு உள்ளே நுழைந்தாய். தண்ணீர் குடித்தாய். என் ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூடவே தோல் உடைக்கும் மிஷினின் லாக் புத்தகத்தையும் கேட்டாய். எதற்கு இது என்று நான் யோசிப்பதற்குள் உன் விரல் இரண்டு புத்தகங்களிலும் ஒரே நேரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"செவ்வாக்கெழம காலைல எட்டு மணிலேர்ந்து ரெண்டு வரைக்கும் மிஷின் நின்னு போச்சுன்னு எழுதியிருக்கு. கரண்ட் இல்ல. உன் ஓவன் மட்டும் எப்படிடி ஓடிச்சி?"

நீ இன்னும் நான்கு நாட்களைக் காட்டினாய். கடைசியில், "கட்ச்சிப் பாத்தேன்" என்றேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"விட்டுடேன்டி. நமக்குள்ள இன்னா ஆடிட்டு? ஒரு லோடு கூடத் திரும்பி வரலையே" என்று கெஞ்சினேன்.

"நீ பாத்தது தப்புன்னு நான் சொல்லல. நீ எழுதினது தப்பு" என்றாய்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என் சோற்றில் கை வைக்க அமாவாசைக் கூட்டத்தில் நின்றுகொண்டு வந்தாளே என்று நினைத்தேன். பட்டியலில் நீ ஏறுவதற்கு என்னை மிதிக்கிறாய் என்று நினைத்தேன். மதியத்துக்கு மேல் நீ என் லேப்பில் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்துகொண்டிருந்தாய். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாய் டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. அஞ்சலை அக்காதான் கொண்டுவந்து கொடுத்தாராம். கிளம்பும்போது, "ரிப்போர்ட்டு நாளன்னிக்கு வரும், படி" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வந்தது. முதல் பக்கத்தில், "கரண்ட் இல்லாத ஐந்து நாட்களில் ஓவனில் பார்த்ததாக ஈரப் பதிவு உள்ளது. இது பெரிய குறை" என்று இருந்தது. அடியில் சிவப்புக் கோடு. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மேஜை டிராயருக்குள் விட்டெறிந்தேன். அன்றைய தபாலிலேயே போக வேண்டும் என்று உன் தகுதிப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். விஷய அறிவு போதாது. ஆதாரம் சரியாகத் திரட்டவில்லை. நடத்தை சரியில்லை. நேரத்துக்கு வரவில்லை. ரிப்போர்ட் தெளிவில்லை. படிக்காத ரிப்போர்ட்டைத் தெளிவில்லை என்று எழுதினேனே, அப்போது எனக்குக் கொஞ்சமாவது உறைத்திருக்க வேண்டாமா? ஜல்தியாக ஒட்டித் தபால் பையில் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, உன்னை லேப்பிலிருந்து எடுத்துக் கிடங்கில் மூட்டை எண்ணப் போட்டிருக்கிறார்கள் என்று விழுப்புரத்திலிருந்து வந்த டிரைவர் சொன்னார். சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதே நாளில், குறைக்கு என்ன நடவடிக்கை எடுத்தாய் என்று மெட்ராஸிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். பதில் எழுத உன் ரிப்போர்ட்டை வெளியே எடுத்தேன். அப்போதுதான் பின்னால் குத்தியிருந்த இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன்.

அந்த ஐந்து நாட்களின் மாதிரிகளும் லேப்பில் காற்றுப் புகாத டப்பாக்களில் பத்திரமாக இருந்தன. நீ கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஐந்தையும் ஓவனில் வைத்துப் பார்த்திருக்கிறாய். கடைசி பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்கிறாய். "ஐந்து மாதிரியிலும் பதிவான அளவும் ஓவன் அளவும் ஏறக்குறைய ஒன்றே. கடித்துப் பார்த்த மதிப்பு சரி. அதை ஓவன் அளவாக எழுதியது மட்டுமே குறை. இந்த அனுபவம் இந்த ஆலையின் சொத்து. கரண்ட் இல்லாத நாளில் கைமதிப்பு என்று தனியாக எழுதி, கரண்ட் வந்ததும் ஓவனில் பார்த்துப் பக்கத்தில் எழுத அனுமதிக்கலாம். ஜெனரேட்டர் தராதது நிர்வாகத்தின் குறை." என் பெயர் இரண்டு பக்கத்திலும் ஓரிடத்தில்கூட இல்லை.

அடிப்பாவி, என்னைக் காப்பாற்ற ஒரு மதியம் முழுக்க என் ஓவன் முன்னால் வெந்திருக்கிறாய். நான் டீ கூடக் கொடுக்கவில்லை. அன்று நான் அழுத அழுகையை அஞ்சலை அக்கா கேட்டுவிட்டு, வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, மெட்ராஸுக்கு எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி வரைக்கும் உன்னிடம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். கிடங்கில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கடிதத்தை நீட்டினேன். நீ படித்தாய். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாய்.

"நான் ஒரு துரோகி, மன்னிக்க முடியாத பாவி. இன்னாடி இது?"

"உண்மைதானே."

"இது ரிப்போர்ட்டு இல்ல, பொலம்பல்" என்று அந்த வரியை அடித்தாய். "இன்னாத்தப் பாத்து எழுதின, இன்னாத்தப் பாக்காம வுட்ட? அத்த எழுது. மொதப் பக்கம் மட்டும் படிச்சேன், ரெண்டாம் பக்கம் படிக்கல. அவ்ளோதான். அது போதும்."

"ரெண்டாம் பக்கம் இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒரு ஆடிட்டரே ரிப்போர்ட்ட முழுசா படிக்கமாட்டான்னு நான் கண்டேனா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரிக்கும்போதே உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் உனக்கும் எவ்வளவு வலித்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. "இத்த அனுப்பினா உன் பேரு பட்டியல்ல ஏறாதுடி, தெரியுதா?" என்று கேட்டாய். போனால் போகட்டும் என்றேன். இருவரும் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து மறுபடி எழுதினோம். நான் ஒரு வரி சொல்ல, நீ அதில் பாதியை வெட்ட, என் மன்னிப்புக் கடிதம் என்மேல் நானே எழுதிய ஆடிட் ரிப்போர்ட்டாக ஆகிவிட்டது. அன்றே தபாலில் சேர்த்தோம்.

மெட்ராஸ் மேனேஜர் நேரில் வந்து இரண்டு பேரையும் காய்ச்சி எடுத்தார். நீ லேப்புக்குத் திரும்பினாய், நிரந்தரமும் ஆனாய். என்னை ஒரு வருஷம் ஆடிட் பக்கமே விடவில்லை. வருஷம் முடிந்து என் தகுதியை மறுபடி பார்க்க உன்னையே அனுப்பினார்கள். நான் ஆடிட் செய்ய, நீ மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாய். நீ எழுதியது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: "கேள்வி கேட்கத் தெரிகிறது. பதில் வரும்வரை பொறுக்கத் தெரியவில்லை. தன் தவறைத் தானே எழுதத் தெரிந்தவர் என்பதால் சேர்த்துக்கொள்ளலாம்." பொறுக்கத் தெரியவில்லை என்று எழுதியதற்காக உன்னிடம் இரண்டு நாள் சண்டை போட்டேன். நீ எழுதியது எவ்வளவு சரி என்பதற்கு அதைவிட வேறு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கும் கோபம் வந்தால் எனக்கு உடனே எழுதத்தான் கை பரபரக்கிறது. மருமகள் ஒன்று சொன்னாலோ, தம்பி வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தாலோ, பின்னால் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேடுகிறேன். பெரும்பாலும் இருக்கிறது. அதற்குள் பாதி கோபம் போய்விடுகிறது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நான் சமாளித்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் நாம் பேசியது. பேசாதது ஒன்று இருக்கிறது. அன்று கிடங்கில் நான் உன் தகுதிப் படிவத்தின் ஐந்து பதில்களுக்குத்தான் திருத்தம் எழுதினேன். படிவத்தில் கேள்விகள் ஆறு. ஆறாவது படிவத்தின் பின்பக்கத்தில் இருந்தது. நான் அதைச் சுத்தமாக மறந்துபோனேன். தபாலில் சேர்த்துவிட்டுத் திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில்தான் நினைவு வந்தது. வெட்கத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை. மெட்ராஸ் அனுப்பிய படிவ நகல் உன்னிடம் இருந்தது. லாக் புத்தகத்தில் கரண்ட் போனதைக் கண்டவளுக்கு அது கண்ணில் படாமலா இருந்திருக்கும்? நீ வாயே திறக்கவில்லை. ஆலை மூடும் வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அந்தக் கசங்கிய புடவையோடு வந்தாய். மூடின பிறகும் சும்மா என்னைப் பார்க்க வந்தாய்.

"இந்த ஆடிட்டர் உங்கள் ஆலைக்கு மீண்டும் வரலாமா?" என்பது கேள்வி. "இனி வரவே வேண்டாம்" என்று நான் எழுதியிருந்தேன்.

அந்தப் பதிலை இன்று திருத்துகிறேன். வாடி. எப்போது வேண்டுமானாலும் வா.