நல்லம்மாள் கொண்டுபோன கோழிகள்

1986 மார்ச் 4
பாசார் சந்தையில் என் கோழிக் கடை வியாபாரம் சுமார். வீட்டுக்கு வந்தால் நல்லம்மாள் முகம் சரியில்லை. அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் பாசார் கோழிகளைச் சோதித்தார்களாம். பத்துக் கடையில் ஆறில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி. அந்த ஆறில் ஒன்று உடையப்பன் கடை. என் கடை!
"நாந்தாங்க நம்ம கடைக் கோழிய எடுத்துக் கொடுத்தேன்" என்றாள்.
கட்டின பெண்டாட்டியே இப்படிச் செய்யலாமா? சாப்பிடாமல் படுத்தேன்.

மார்ச் 5
அவள் போட்ட தேநீரைத் தொடாமல் கடைக்குக் கிளம்பினேன். அப்படியும் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள்.

மார்ச் 17
தங்கச்சி ராக்காயி தாப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சனிக்கிழமை நான்தான் சுங்காயில் அவள் வீட்டுக்குக் கோழி கொண்டுபோனேன். ஐஸ் கிடையாது, பஸ்ஸில், மடியில். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கண் உள்ளே போய்விட்டது. என் கோழியா? வேறு என்னவாம்?
நல்லம்மாள் கஞ்சி ஆற்றி ஊட்டினாள். "நான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 24
ராக்காயி வீடு திரும்பினாள். கோழி என்ற பேச்சே எடுக்கக் கூடாதாம்.

ஏப்ரல் 10
நானே கேட்டேன், "இதுக்கு வழியே இல்லையா புள்ள?"
இருக்கிறதாம். பச்சைக் கோழியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, பையோடு கதிர் பாய்ச்சுகிறார்கள். கறி வேகாது, கிருமி சாகும்.
"கதிரு கறியில தங்கிடாதா?"
"எக்ஸ்ரே எடுத்தப்ப உங்க நெஞ்சுல தங்கிச்சா?"
சிரித்துவிட்டேன். சோதனைக்கு இருபது கோழி தருவதாகச் சொன்னேன்.

மே 6
கோழிகள் கதிர் பாய்ச்சும் கூடம் இருக்கும் சிலாங்கூர் போய் ஐஸ் பெட்டியில் திரும்பின. கதிர் படாத பத்தில் ஐந்தில் கிருமி. கதிர் பட்ட பத்தில் ஒன்றே ஒன்றில். அந்தப் பையின் ஓரம் பிரிந்து, கதிர் படாத பக்கத்துக் கோழியின் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.
"பை பிரிஞ்சா பட்ட பாடு வீண்" என்றாள்.
நானோ எல்லாக் கோழியையும் ஒரே தொட்டித் தண்ணீரில் முக்குகிறவன்.

மே 7
தொட்டியை எடுத்துவிட்டேன். குழாய்த் தண்ணீர், கோழிக்கு ஒரு பை, அடியில் ஐஸ். பக்கத்துக் கடை அப்பாவு அண்ணன் சிரித்தார்: "என்னலா, கோழிக்குச் சட்டையா?"

மே 29
கதிர் பட்ட கோழியைச் சமைத்து ருசி பார்க்க ஆய்வுக்கூடத்தில் ஆள் தேடுகிறார்கள். ரஷ்யாவில் அணு உலை வெடித்த செய்தியைப் படித்துவிட்டு ஒருவரும் வரவில்லை. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பயம்தான். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 12
ஆய்வுக்கூட மேசைமேல் நான்கு தட்டு. எதில் கதிர் பட்ட கோழி, எதில் படாதது என்று சொல்லமாட்டார்கள். எனக்குக் கை நீளவில்லை. அப்போது வாசலில் ராக்காயி! சுங்காயிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். ருசி பார்க்க ஆள் வராததைச் சொல்லி நல்லம்மாள் கடிதம் போட்டிருந்தாளாம்.
"நோவுல கெடந்தவ நானு. நான் தின்னாதான் சனங்க நம்புவாங்க. தள்ளிக்கலா, அண்ணே."
நான்கிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து மெதுவாக மென்றாள். நல்லம்மாள் பேனாவை எடுத்தாள்.
"எப்படி இருக்கு?"
"உப்புப் பத்தல, அண்ணி."
நல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை அப்படியே தாளில் எழுதினாள். நான் ஒரு தட்டை இழுத்துக்கொண்டு ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்தேன்.