வண்டியை ஓட்டியது நீதான்

அன்புள்ள அண்ணன் இளங்கீரனுக்கு,

கடல் தாண்டி நம் கெல்லிவில் வீட்டிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல யுவனேஸ்வரி எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று முதலில் எழுதச் சொன்னாள், எழுதினேன், உடனே அடிக்கச் சொன்னாள், அடித்தேன். உன் நலமறிய அவா என்று போடட்டுமா என்று கேட்டேன், அவா இல்லடி, அவசரம்னு போடு என்றாள். அவளே எழுதியிருப்பாள், ஆனால் ஐந்து நாளாக அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, கிச்சனுக்கும் கராஜுக்கும் நடக்கிறாள், குக்கரில் அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற மறக்கிறாள், ஃபோனைப் பார்க்கிறாள், கவிழ்த்து வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள். ஆகவே கை என்னுடையது, சொல் அவளுடையது, எழுத்துப் பிழை எனக்கு, மற்ற பிழை எல்லாம் உனக்கு. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை. சாப்பாடு டெலிவரி மாதிரிக் குரலை மாற்றி வேறு நம்பரிலிருந்து நான் பேசியபோது மட்டும் ஹலோ என்றாய், பக்கத்தில் அம்மா இருமியதும் வைத்துவிட்டாய். கூரியரை ஃபோன் மாதிரி வைக்க முடியாது, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், அதனால்தான் கடிதம்.

போன சனிக்கிழமை நான் தமிழ்ப் பள்ளி முடிந்து வந்தபோது ஹாலில் கிளமெண்ட் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூரில் உனக்குத் தன் பழைய காரை விற்றுவிட்டு இங்கே படிக்க வந்து குவேக்கர்ஸ் ஹில்லில் தங்கியிருக்கிறாரே, அதே கிளமெண்ட். காப்பீடு பற்றிப் பேசிப் பேசி அம்மா போட்டுக் கொடுத்த காப்பி ஆடை கட்டிவிட்டது. ஆன்ட்டி, நான் இங்க சூப்பர் மார்க்கெட்ல ட்ராலி தள்ளிட்டு இருக்கேன், அங்க போலீஸ்காரர் ஃபோன் பண்ணி உங்க வண்டி ஒரு அம்மா மேல ஏறிடுச்சு, யாரு ஓட்டினதுங்கிறார், நான் என்ன சொல்றது ஆன்ட்டி என்று அழாத குறையாகக் கேட்டார். ஆர்.சி. புத்தகம் எட்டு மாதமாக அவர் பேரிலேயே இருக்கிறதாம், முப்பது நாளைக்குள் உன் பேருக்கு மாற்றியிருக்க வேண்டுமாம். இங்கே ரெஜோ என்கிற வண்டிப் பதிவு கைமாறினால் கிரீன் ஸ்லிப் காப்பீடு தானாகக் கூடவே போவது போல அங்கேயும் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துவிட்டாய். இளங்கீரன் என்று பேர் வைத்தது தப்பாகிவிட்டது, பம்பரில் இளங்கீறலோடு நின்றிருந்தால் பேருக்கும் பொருத்தம், சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அங்கே நீ படிக்கும் காலேஜ் வாசலில் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்ததில் பூ விற்கும் விஜயா அக்காவுக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இங்கிருந்து நீ கொண்டுபோன இன்டர்நேஷனல் பெர்மிட் காலாவதியாகி நாலு மாதம், இந்திய லைசென்ஸ் எடுக்கவே இல்லை. அதனால் லைசென்ஸ் உள்ள உன் ரூம்மேட் நவீன்ராஜ் தான்தான் ஓட்டியதாக அடுத்த வார வியாழக்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறான். இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியும், மறைக்க இனி உன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அம்மா தன்னோடு காலேஜில் படித்த கோயம்புத்தூர் வக்கீல் ரஞ்சினி ஆன்ட்டியைப் ஃபோனில் பிடித்துவிட்டாள். அந்த ஆன்ட்டி பேசினால் கோர்ட்டில் நீதிபதியே எழுந்து நிற்பார் போலிருக்கிறது. விமலா, உன் பையன் பயப்பட வேண்டியதுக்குப் பயப்படாம வேற எதுக்கோ பயப்படுறான் என்று ஸ்பீக்கரில் ஆரம்பித்தார். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் இந்தியாவில் வண்டி ரோட்டுக்கே வரக்கூடாதாம், அது உனக்காகவோ உன் காருக்காகவோ அல்ல, ரோட்டில் போகிற முகம் தெரியாத ஆளுக்காகவாம். வண்டி கைமாறினால் அந்த ஆளுக்கான பாதுகாப்பு வண்டியோடே வந்துவிடும், பாலிசியில் கிளமெண்ட் பேர் இருந்தாலும் விஜயா அக்கா தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். ஆனால் உன் காருக்கு ஆன சேதத்துக்கு ஒரு காசு கேட்க முடியாது, பாலிசியில் அந்தப் பகுதியை உன் பேருக்கு மாற்றச் சொல்லி, கார் வாங்கிய பதினாலு நாளைக்குள் நீ கம்பெனிக்கு எழுதவில்லை. சரி, அதை விடு, கார்தானே. லைசென்ஸ் இல்லையென்றாலும் அந்த அக்காவுக்குக் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் பெரும்பாலும் கோர்ட் சொல்கிறதாம். அப்போ அவன் உண்மைய சொன்னா அடி யாருக்கு என்று அம்மா கேட்டாள். உங்களுக்குத்தான் என்றார் ஆன்ட்டி, அப்புறம் கிளமெண்டையும் இழுப்பாங்க, ஆர்.சி.யில அவன் பேருதானே. பொய் சொன்னா என்று அம்மா கேட்டாள். எதிர்க்கடையில கேமரா இருக்கு விமலா, ஓட்டினது நவீன்ராஜ் இல்லன்னு தெரிஞ்சா கேஸ் குழம்பும், அந்தப் பூக்காரம்மா வருஷக் கணக்கா இழுத்துக்கிட்டுக் கிடப்பா, ரெண்டு பையன்களும் கிரிமினல் கேஸ்ல நிப்பாங்க, இன்சூரன்ஸ்ங்கிறதே உள்ளத உள்ளபடி சொல்றதுல நிக்கிற விஷயம் என்றார். அதற்குப் பிறகு அம்மா கராஜுக்குப் போய் ரொம்ப நேரம் காரைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கீரா, நவீன்ராஜுக்கும் ஒரு அம்மா இருக்கா, அவ புள்ளைய உனக்காகக் கையெழுத்துப் போட வைக்காத. கம்பெனி நம்மகிட்ட வசூலிச்சா வசூலிக்கட்டும், அப்பாவும் நானும் பார்த்துக்கிறோம், இந்தக் கிச்சனை இடிச்சுக் கட்டச் சேர்த்த பணம் இருக்கு, கிச்சன் எங்கயும் ஓடிப் போயிடாது. கிளமெண்ட் எந்தத் தேதியில வித்தானோ அந்தத் தேதியப் போட்டு எழுதிக் கொடுத்துட்டான், பேர் மாத்தற ஃபாரங்கள்லயும் கையெழுத்துப் போட்டிருக்கான், எல்லாம் இந்தக் கவருக்குள்ள இருக்கு, தேதிய நீ திருத்தக் கூடாது. ரஞ்சினி ஸ்டேஷன் வாசல்ல நிப்பா, அவளோட உள்ள போய் ஓட்டினது நான்தான்னு நீயே சொல்லு. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தம்மா திட்டினா கேட்டுக்கோ, முகத்தத் திருப்பிக்கிட்டா அங்கயே உட்கார்ந்திரு, பழம் வாங்கிட்டுப் போய்க் கணக்குத் தீர்ந்துச்சுன்னு நினைக்காத. இதைச் சொல்லும்போது அம்மா நடப்பதை நிறுத்தவில்லை, நான்தான் பேனாவை இரண்டு முறை நிறுத்தினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, லைசென்ஸ் எடுக்கும்வரை பஸ்ஸில் போ. உன் கையால் இனி யாருக்கும் ஒரு கீறலும் வரக்கூடாது, உனக்கும் வரக்கூடாது என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள். வியாழன் காலை பத்து மணி, மறக்காதே.

உன்மேல் கோபமும் அதைவிட அதிகப் பாசமும் உள்ள
அம்மா விமலாதேவி
(கையெழுத்து மட்டும் அவளுடையது)

இதற்குக் கீழே இருப்பதை அம்மா படிக்கவில்லை. நவீன்ராஜ் விஷயத்தை நீ என்னிடம் மட்டும்தான் சொன்னாய், சத்தியமும் வாங்கிக்கொண்டாய். அம்மாவிடம் சொன்னது நான்தான். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தேன், அந்த அக்கா எழுந்து நடப்பாரா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. என்னைத் திட்டுவதற்காவது ஃபோன் பண்ணு.

யுவா