மூடி திறக்காட்டி?

இன்று காலை ஆய்வுகூடத்தில் இறால் ஓடுகளைக் கழுவிக் காயப் போட்டேன். வாடை எழுந்ததும் பக்கத்து மேசைக்காரி ஜன்னலைத் திறக்க ஓடினாள். எனக்கோ உன் நினைவு வந்து சிரிப்பு முட்டியது. சிலாபத்தில் இறால் கம்பனியில் வேலை முடித்த கையோடு என்னைக் கட்டிப்பிடிக்க வருவாய். நான் விலகினால் இன்னும் இறுக்குவாய்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நீ அப்படித்தான். குடலில் புண் வந்த பிறகும் மாறவில்லை. விழுங்கும் குளிசை புண் இருக்கும் இடத்துக்குப் போகுமுன்னே கரைந்துவிடுகிறது என்று வைத்தியர் சொன்னதை, "விருந்தாளி வீட்டுக்கு வராம சந்தியிலயே இறங்கிட்டான்" என்று எனக்குச் சொன்னவள் நீ.

நான் கொழும்பில் செய்துகொண்டிருந்த வேலையும் அதற்கு வழி தேடுவதுதான். கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குப்பிகள். உள்ளே மருந்து, வாயில் ஒரு மூடி, குடற்சுவரில் ஒட்டிக்கொள்ள இறால் ஓட்டுப் பொடியில் ஒரு பூச்சு. ஒருநாள் உன்னோடு கிளினிக்குக்கு வந்தபோது இதை விளக்கினேன். உனக்கு என் புத்தகப் பேச்சு பிடிக்கவில்லை. வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து நீயே தொடங்கினாய்.

"சின்னக் குப்பி. வயித்தில திறக்காது. குடலுக்குப் போனாத்தான் மூடி கரையும், மருந்து கொட்டும். பிறகு குப்பியும் கரைஞ்சிடும்."

முன் கதிரையில் இருந்த வயதான மீனவர் திரும்பினார். "ஓம் பிள்ளை, அங்க போயும் மூடி திறக்காட்டி?"

நீ என்னைப் பார்த்தாய். "சொல்லன்டி, ஐயா கேக்கிறார்."

"அத இன்னும் பாக்கேல்ல ஐயா" என்றேன். வரிசையே சிரித்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத, நோகுது" என்றாய்.

அதுவரை வயிற்று அமிலத்தில் மூடி தாங்குகிறதா என்று மட்டுமே பார்த்திருந்தோம். அந்தக் கிழமையே குப்பிகளைக் குடல்நீர் போன்ற திரவத்தில் போட்டோம். பாதிக்கு மேற்பட்டவை திறக்கவில்லை, மூடி தடிப்பு. தொலைபேசியில் சொன்னதும், "அந்த ஐயாவ அங்க வேலைக்கு எடுங்க" என்றாய்.

மூடியை மெல்லியதாக்க இரண்டு வருடம் போனது. அதற்குள் நீ நன்றாக மெலிந்துவிட்டாய். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள், சிரிக்காமல், ஒரே ஒரு தடவை கேட்டாய்: "அந்தக் குப்பி எனக்குக் கிடைக்குமா?"

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "கிடைக்காது" என்றேன்.

என் கையைப் பிடித்தாய். "நல்லது. மற்ற எல்லாரும் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுறாங்க." பிறகு வார்டுச் சாப்பாட்டைப் பற்றி நக்கலடிக்கத் தொடங்கிவிட்டாய். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை.

இப்போது மூடிகள் திறக்கின்றன, குப்பிகளும் கரைகின்றன. சோதனைக் குவளையில்தான்; மனிதருக்குக் கொடுக்க இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. ஒவ்வோர் அறிக்கையையும் எழுதுமுன் கதவைச் சாத்திவிட்டு, உன் கிளினிக் வரிசை எதிரே இருப்பதாக நினைத்து உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன். நேற்று, சரியாகச் சோதிக்காமல் எழுத இருந்த இரண்டு இடத்தில் நாக்குத் தடுமாறியது. எழுதுவதைத் தள்ளிப் போட்டுவிட்டு, திரும்பச் சோதிக்கப் போய்விட்டேன்.