காலியாக விட்ட கட்டம்

மாதனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி இப்போது கம்மி, ஆனால் மாத்திரையை மட்டும் நான் கத்தினால்தான் போடுகிறார். நீ நைட் டியூட்டி முடித்து வந்து வெறும் வயிற்றில் படுக்காதே, ஒரு வாய் ரசம் சாதமாவது சாப்பிட்டுவிட்டுப் படு. தினமும் போனில் பேசுகிறோமே, இன்னும் என்ன லெட்டர் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லையடி. அதனால்தான் ஷூ சாம்பிளோடு மஸ்கட் வரும் நம் ஆம்பூர் ஹபீப் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அதிக வட்டி தருகிறேன் என்ற அந்த நிதி நிறுவனம் மூடினபோது நாமும் ஏமாந்துவிட்டோம் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பாதிதான் நிஜம். நான் இருபதாயிரம் போட்டது உண்மை. ஆனால் ஆள் சேர்த்துவிட்டதற்கு அதைப்போல் நாலு மடங்கு கமிஷன் வாங்கினேன். எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் பி.எஃப். பாரம், பேங்க் பாரம், லீவு லெட்டர் எது என்றாலும் என் மடியில்தான் வந்து விழும், உனக்கே தெரியும். மரியம்மாள் அக்கா கை வைத்த இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். அதே பழக்கத்தில்தான் அந்த நிதி நிறுவனத்துப் பாரத்திலும் போட்டார்கள், பதினேழு பேர். பக்கத்து மிஷினில் தைக்கும் அஃப்ஸர் ஜஹான் வீட்டுப் போக்கியப் பணம் திரும்பி வந்ததை அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது அவள் குடும்பத்தில் ஐந்து பேரும் ஒற்றை அறையில் கிடக்கிறார்கள். அந்தக் கமிஷனில் வாங்கியதுதான் உன் கழுத்தில் இருக்கும் ரெண்டு பவுன் செயின். நீ மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது வெறுங்கழுத்தோடு போகக்கூடாது என்று நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். போலீஸ்காரர்கள் வேலூரில் முகாம் போட்டு மனு வாங்கினபோது நானும் பாதிக்கப்பட்டவள் என்று வரிசையில் நின்றேன். கமிஷன் ஏதும் பெற்றீர்களா என்று ஒரு கட்டம் இருந்தது, கூசாமல் இல்லை என்று எழுதினேன். அஃப்ஸருக்குத் தமிழ் எழுத வராது, அவள் மனுவையும் நான்தான் எழுதினேன். யார் மூலம் சேர்ந்தீர்கள் என்ற இடம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, அத்த காலியா வுடுங்க அக்கா என்றாள். நல்ல மனசு, காட்டிக்கொடுக்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன். சீ, என்ன ஜென்மம் நான்.

போன வாரம் அந்தக் கேஸின் புள்ளிவிவரம் வெளியே வந்தது. பஸ்ஸில் ஒரு பெண் போனைப் பார்த்து உரக்கப் படித்தாள். பாதிக்கப்பட்டவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேராம், போன பணத்தில் இதுவரை மீட்டது நூற்றுக்கு ஆறு ரூபாயாம். இன்னா கவர்மெண்டு இது, இம்மாம் பேர வெச்சிக்கினு ஆறுதான் புடிச்சாங்களா என்று பஸ்ஸே திட்டியது. எல்லோரையும்விட ஜாஸ்தியாகக் கத்தியது உன் அம்மாதான். அஃப்ஸர் மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மீதி தொண்ணூத்தி நாலு எங்கதான் போச்சோ அக்கா என்றாள். அந்த நாலாயிரத்தில் நான் ஒரு ஆள், அந்தத் தொண்ணூற்று நாலிலும் நான் இருக்கிறேன்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, திட்டவும் இல்லை. எனக்குத் தெரியும் அக்கா, செயின் வாங்க வேலூர் லாங் பஜாருக்கு உங்க கூட வந்தது நான்தானே, டிசைன் கூட நான்தானே பாத்தேன் என்றாள். நான் மறந்தே போயிருந்தேன், பார்த்தாயா. அப்புறம் ஏன் என் பேரை எழுதச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களே எழுதுவீங்கன்னுதான் காலியா வுடச் சொன்னேன் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டாள். பன்னிரண்டு வருஷமாக பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்தவள், வெள்ளிக்கிழமை பிடிக்கவில்லை. ஆம்பூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாளைக்கு லீவு போட்டு வேலூர் போகிறேன். என் மனுவில் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்து, அஃப்ஸர் மனுவில் அந்தக் கட்டத்தில் என் பேரையும் போடச் சொல்லப் போகிறேன். கேஸில் என்னையும் குற்றவாளியாகச் சேர்க்கலாமாம், பயமாகத்தான் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. நீ அந்தச் செயினைக் கழற்றி ஹபீப் கையில் கொடு, பத்து நாளில் திரும்பிவிடுவான், வந்ததும் போலீசில் ஒப்படைக்கிறேன். ரெண்டு பவுன் சேர்ந்தாலும் அந்த ஆறு ஆறாகத்தான் இருக்கும், இருக்கட்டும். உனக்குக் கோபம் வந்தால் போனில் திட்டிவிடு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே கண்ணு.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. மறந்துவிடாதே, செயினில் தொங்கும் சிலுவை டாலரை மட்டும் கழற்றி நீயே வைத்துக்கொள். அது அப்பா லாரியில் தோல் மூட்டை ஏற்றி இறக்கிய கூலியில் வாங்கியது. கறுப்புக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள், அது போதும்.

இப்படிக்கு,
உன் முன்னால் தலைகுனிந்து நிற்கும் அம்மா,
மரியம்மாள்.