மண் வீடு வேண்டாம் என்கிறாள் அம்மா

என் அன்பு அப்பாவுக்கு,

அங்கே யாரும் வீடு கட்டுவதில்லை என்று நம்புகிறேன். நிம்மதியாக இருங்கள். இங்கே எனக்குக் கண் விழித்தால் கல், மண், சுண்ணாம்பு. கண்ணை மூடினாலும் அதுதான்.

நீங்கள் இருந்தவரை நான் காண்டிராக்டரிடம் இன்ஜினியராகப் பாலம் கட்டிக்கொண்டிருந்தேன். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். இப்போது மண்ணில் வீடு கட்டுகிறேன். பசுமைக் கட்டடம் என்று பெயர். அந்தந்த மனையில் தோண்டிய மண்ணோடு கொஞ்சம் சுண்ணாம்பும் சிமெண்டும் சேர்த்து மெஷினில் அழுத்திக் கல்லாக எடுப்போம். சூளை கிடையாது, விறகு கிடையாது. நம் ஊர்க் களிமண் காய்ந்தால் வெடிக்குமே, அதற்காகக் கல்தூளும் சேர்ப்போம். காங்கிரீட்டில் ரைஸ்மில் உமிச் சாம்பலைக் கலக்கிறோம். ஆற்று மணலைத் தொடுவதில்லை. கொள்ளிடத்தை அள்ளி அள்ளிப் பள்ளமாக்கியாயிற்று, இனி அங்கே அள்ள என்ன இருக்கிறது?

வேலைக்குக் குறைவில்லை. திருவையாறு பக்கம் ஒரு டாக்டரம்மாவுக்குக் கட்டிக் கொடுத்தேன். "பூசிடாதீங்க மேடம், மண்ணு வெளிய தெரியணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் சுவரைத் தடவிப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் வீட்டுக்கு வருகிறேன். அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு இற்றுப்போயிற்று அப்பா. கம்பி துருப்பிடித்து, மேலேயிருந்து காரை சில்லு சில்லாக விழுகிறது. போன மழையில் அம்மாவின் பாய்க்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய துண்டு விழுந்தது. அடுத்த மழைக்குள் இடித்துவிட்டுக் கட்டியாக வேண்டும். ஊருக்கெல்லாம் மண்ணில் கட்டுகிறவள் பெற்றவளுக்கு வேறு எதில் கட்டுவாள்?

"மண்ணா?" என்றாள் அம்மா. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டாக்டரம்மா வீட்டைப் பார்த்தால் மனம் மாறும் என்று அழைத்துப் போனேன். போயிருக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். "உள்ள வாங்கம்மா" என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. காரில் வரும்போது சொன்னாள்: "அவுங்க மண்ணுல கட்டுனா படம் புடிச்சு மாட்டுவாங்க. நாம கட்டுனா, இதுங்க இன்னும் எந்திரிக்கலன்னு பேசுவாங்க. எனக்கு சிமெண்டுதான் வேணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்த படிப்பு, வாங்கிய பெயர் எல்லாம் சொந்த வீட்டு வாசலில் செல்லாது போலிருக்கிறது. ஆனாலும் விடவில்லை. ஒரு கல்லை வீட்டுக்கே கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். மறுநாள் எடுத்துக் காட்டினேன், கரையவில்லை. கீழே போட்டுக் காட்டினேன், உடையவில்லை. கறையான், புயல், வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆளுங்க இடிக்க வந்தா எவ்வளவு நேரம்டி நிக்கும்?"

எந்த லேபிலும் அந்தச் சோதனை இல்லை அப்பா.

அன்றைக்குத்தான் சொன்னாள். நீங்கள் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்ட வருஷம், பண்ணை ஆட்கள் வந்து நம் தெருவையே இடித்துத் தள்ளினார்களாமே. மிராசுதார் மனையில் குடியிருந்த நாம் செங்கல் வைக்கக் கூடாதாம். வைத்தால் நாளைக்கு இடத்துக்கு உரிமை கேட்போமாம். அதனால் எல்லாமே மண்சுவர். தள்ளுவதற்குக் கடப்பாரைகூடத் தேவைப்படவில்லை, மண்வெட்டியே போதுமாயிருந்தது என்றாள். உலையில் சோறு வெந்துகொண்டிருந்ததாம். அதன் மேலேயே சுவர் விழுந்ததாம். நான் அவள் வயிற்றில் இருந்தேனாம்.

புது ஆட்சி வந்து, குடியிருந்த மனை நமக்கே பட்டாவாகக் கிடைத்த கதையை அலுக்காமல் சொல்வீர்களே, இதை மட்டும் ஏன் விழுங்கினீர்கள்? நான் பயந்துவிடுவேன் என்றா? உங்களுக்கே சொல்ல முடியவில்லையா?

"இப்ப யாரும்மா வரப்போறா? பட்டாதான் நம்ம கையில இருக்கே" என்றேன்.

"உங்கப்பா பேர்ல இருக்கு. அவரு எங்க இருக்காரு?" என்றாள்.

வாதாடி வாதாடி அலுத்துப்போய்விட்டது அப்பா. சூளையின் விறகையும் ஆற்றின் மணலையும் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட எனக்கு, இவ்வளவு காலமும் ஒருத்தி தன் பெயரில் ஒரு பிடி மண் இல்லாமல் தூங்கி எழுந்தது தெரியவில்லை.

திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். எத்தனை தடவை அலையவிட்டாலும் அலைவேன். பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றி அவள் கையில் கொடுத்த பிறகுதான் கல்லைப் பற்றி வாய் திறப்பேன். அப்போதும் அவள் சிமெண்ட் என்றால் சிமெண்ட்தான். ஊருக்கு உபதேசம் செய்கிறவள் வீட்டில் என்ன செய்தாள் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எந்த வீடாக இருந்தாலும், அதன் வாசலுக்கு யார் வந்தாலும், "இது என் மனை, என்ன வேணும்?" என்று அவள் கேட்கும்படி செய்துவிடுவேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்
செல்வி