கப்பல் ஏறாத கேமரா

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. அரிசி டிரம்முக்குள்ளிருந்து கேமராவை எடுத்துத் துடைத்தேன். இந்தத் தீவு ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று எங்கள் வீட்டில் கேமராவுக்கும் அரிசிக்கும் ஒரே டிரம். பலன்: கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள் ஒரு வண்டு. நேற்று ஞானஸ்நானத்தில் படம் எடுக்கும்போது குழந்தையின் மூக்கில் ஈ ஊர்கிறது, விரட்டுங்கள் என்று சொன்னேன். அந்தத் தாயும் பாவம், இல்லாத ஈயை விரட்டிக்கொண்டே இருந்தாள்.

கார் நிக்கோபார் தீவிலிருந்து மாற்றலாகிப் போன ஏர்ஃபோர்ஸ்காரர் விற்றுவிட்டுப் போன கேமரா இது. அப்போதே பழசு.

நவம்பர் 5, புதன்

மழை விட்டு விட்டு. சென்னையிலிருந்து வில்சன் போன். சித்தி மகன். கப்பலில் டிக்கெட் கிடைத்துவிட்டதாம்.

"யக்கா, கேமரா வாங்கணும்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிரு. கப்பல் ஏறிட்டேன்னா பொறவு என்னைப் பிடிக்க முடியாது."

மெயின்லேண்டிலிருந்து ஆள் வந்தால்தான் உண்டு. ஆன்லைனில் பார்த்தால் பாட்டரி உள்ள சாமான், உங்கள் ஊருக்கு அனுப்புவதில்லை என்கிறது.

22ஆம் தேதி தம்பி ஜெரால்டுக்குக் குருப்பட்டம், சாமியார் ஆகிறான். பங்குச் சாமியார் ரொம்பக் கண்டிப்பு. கோயிலுக்குள் யாரும் செல்போனைத் தூக்கக் கூடாது. ஒரே ஒரு கேமரா, அது என்னுடையது. அதற்கும் ஒரு குறை சொன்னார்: "ஆனா மெற்றில்டா, ஒன் கேமரா டக்கு டக்குனு அடிக்குதே. போன தடவ பிஷப்பே திரும்பிப் பாத்தாரு."

வேண்டியது: சத்தம் போடாதது. இருட்டிலும் எடுப்பது. வண்டு இல்லாதது.

நவம்பர் 6, வியாழன்

வீட்டில் சண்டை. சின்னதுதான். என் வீட்டுக்காரர் கென்னடி சொல்வது: "என்ன அவசரம் புள்ள? புது மாடல் வரப்போவுதாம். கொஞ்சம் பொறுத்தா இது வெல எறங்கும்."

படகு எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற மனுஷன். எதையும் உடனே வாங்க மாட்டார். பெண் பார்க்க வந்தபோது புது மாடலுக்குக் காத்திருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. சொன்னேன். சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பட்டத்தன்று பிஷப் தம்பியின் இரண்டு கையிலும் எண்ணெய் பூசுவார். வெள்ளைத் துணியால் கைகளைக் கட்டுவார்கள். பெற்றவர்கள் பீடத்துக்கு ஏறிப்போய் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அந்தப் படம் எனக்கு வேண்டும். மற்றதெல்லாம் எப்படி வந்தாலும் போகட்டும்.

முடிவு: வாங்குகிறேன்.

நவம்பர் 8, சனி

வெயில்! துணி எல்லாம் மாடியில்.

திக்லிபூரிலிருந்து ஒருவன் போன், ஜனவரியில் தங்கை கல்யாணமாம். முதல் கேள்வியே, என்ன கேமரா என்று: "கேமரா கௌன் சா ஹை, தீதி?" மாடலைச் சொன்னேன். "டீக் ஹை, பதா தூங்கா." சரி, பிறகு சொல்கிறானாம். சொல்ல மாட்டான். தெரியும். வாங்கியே தீருவது.

சாயங்காலம் அம்மா வீடு. சூரை மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"துணியவுக்க ஒங்கப்பா இல்ல. சித்தப்பா நிக்கட்டும்னு சொல்லுதாவ. எனக்கு நீ வேணும்ட்டி."

"நான் படம் எடுக்கணும்லாம்மா."

"அப்பா போனதுலேருந்து அவன் படிப்பயும் இந்த வீட்டயும் பாத்தது யாரு? சித்தப்பாவா?"

என் முகத்தைப் பார்க்கவில்லை. மீனை அலசிக்கொண்டே இருந்தாள். நான் மேலே ஏறினால் படத்தை யார் எடுப்பது? டவுன் ஸ்டுடியோக்களில் கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்கு முன்னால் எல்லாரும் கல்யாணத்தை முடிக்கிற அவசரம். ஒருவரும் காலியில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசையில் பிரசங்கம் ஒரு வரி காதில் ஏறவில்லை. வெளியே வரும்போது முடிவு பண்ணிவிட்டேன். பீடத்துக்கு நான் ஏறுகிறேன். கென்னடி எடுக்கிறார்.

பழைய கேமரா அவருக்குப் பழக்கம். கல்யாணங்களுக்கு லைட் பிடிக்க வந்து, நான் சாப்பிடப் போகும்போது எடுத்திருக்கிறார். புதுசைக் கையில் கொடுத்தால் மெனுவுக்குள் போய்த் தொலைந்துவிடுவார். ஆகவே இப்போது வேண்டாம், அவர் சொன்னபடி விலை இறங்கட்டும்.

வில்சனிடம் சொன்னேன். "நெசமாவா யக்கா? அப்ப வேற என்ன வாங்கியார?"

"அம்மைக்கு ஒரு சேலை. எனக்கும் ஒண்ணு."

சாமியாரிடமும் சொல்லியாயிற்று. "சத்தம் வரும் சாமி. அந்த ஒரு நேரம் பொறுத்துக்கிடுங்க." பிஷப்பிடம் சொல்லிவைப்பதாகச் சொன்னார்.

கென்னடிதான் "நானா? நானா?" என்று கேட்டுக்கொண்டே பைக் ஓட்டினார்.

நவம்பர் 15, சனி

ஒத்திகை. அம்மாவின் கையைத் துண்டால் கட்டி நான் அவிழ்க்க, கென்னடி எடுக்க. எல்லாம் தெளிவாக வந்திருக்கிறது. பரவாயில்லையே மனுஷன்.

வில்சன் வந்துவிட்டான். என் சேலை மயில் கழுத்து நிறம். அம்மாவுடையதுதான் அதிக அழகு, சொல்லவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்று எழுத நேரமில்லை. கால் வீக்கம். பிரியாணி மிச்சம், பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று.

முடிச்சு இறுக்கமாக இருந்தது. எண்ணெயில் விரல் வழுக்கியது. அம்மாவால் முடியவில்லை, நான் தளர்த்தினேன். அம்மா இழுத்தாள். ஜெரால்டு வாய்க்குள்ளேயே "யக்கா" என்றான். அவ்வளவுதான். கீழே இறங்கியபோது கால் தரையில் இல்லை.

மத்தியானம் படங்களைத் திறந்தேன். பிஷப் எண்ணெய் பூசுவது, இருக்கிறது. துணி கட்டுவது, இருக்கிறது. அம்மாவும் நானும் படியேறுவது, இருக்கிறது. அடுத்த படத்தில் ஜெரால்டு கையை விரித்து நிற்கிறான், துணி அம்மாவிடம். நடுவில் ஒன்றுமில்லை. கார்டைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்தேன். இல்லை.

வருத்தம்தான். இல்லையென்று எழுதி யாரை ஏமாற்ற?

"கேமரா மக்கர் பண்ணிச்சா?"

கென்னடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை.

"கேமரா நல்லாத்தான் இருந்துச்சு. நீ துணிய அவுக்கதப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன் புள்ள. அமுக்க மறந்துட்டேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டீங்களா" என்று வந்தது.