மணவறையில் பூட்டிக்கொண்ட முட்டி

இல்லை மாப்பிள்ளை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "பந்து விளையாடுனதுல போன முட்டி மச்சான், நீ என்னா பண்ணுவ?" என்று சாகும்வரை சாதித்தாய். இன்று பதில் கிடைத்துவிட்டது. நீதான் இல்லை.

என் முட்டியைக் காட்டக் கோலசிலாங்கூர் கிளினிக்குக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா மேசையில் பிளாஸ்டிக் முட்டி ஒன்று இருந்தது. எடுத்து மடக்கினேன். மேலே தொடை எலும்பு, கீழே கால் எலும்பு, முன்னால் வழுக்கி ஓடும் சில்லு. இரண்டு எலும்புக்கும் நடுவே தேங்காய்க் கீற்றுப்போல இரண்டு மெத்தைகள்.

"இது கிழிஞ்சா துண்டு நடுவுல மாட்டிக்கும் அங்கிள். காலு நீட்ட வராது. அப்ப யாரும் புடிச்சு இழுக்கக் கூடாது."

"இழுத்தா?"

"மிச்சமும் கிழியும் லா."

பிளாஸ்டிக் முட்டியை இழுக்காமல் மெல்ல மேசையில் வைத்தேன். நீ பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாய்.

எண்பதுகளில், நம் தோட்டத்துக் கோயிலில், என் தங்கச்சிக்குத் தாலி கட்டிவிட்டுச் சம்மணம் போட்டிருந்தாய். அக்கினியைச் சுற்ற எழுந்திருக்கச் சொன்னார் ஐயர். நீ எழவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஈஜோக் திடலில் பந்தடித்து முறுக்கிய முட்டி அது. வீங்கி வற்றியது எனக்கும் தெரியும். "மச்சான், காலு நீட்ட வரல" என்று என் காதில் சொன்னாய்.

எனக்குக் கூட்டத்தைக் கண்டால் நாக்கு அரிக்கும். "மாப்பிள்ளைக்கு மணவறைய விட மனசில்லயாம்! சீரு பத்தலயாம்!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணுக்கு அண்ணன் நான்தானே என்று உன் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. மேளச் சத்தத்திலும் அந்த 'டக்' எனக்குக் கேட்டது. தங்கச்சி விரலைப் பிடித்தபடி நீ நொண்டிச் சுற்றினாய். அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் சுளுக்கு என்று கட்டிவிட்டார்கள். அதன்பின் செம்பனைக் குலை வெட்ட நீ அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தூக்கித் திரும்பினாலே முட்டி நழுவியது. வேலை வாங்கும் மண்டோர் உன்னைத் தோட்டத்து வாசல் கேட்டில் காவலுக்கு, ஜாகாவாக உட்காரவைத்தார். உயர்ந்த மரமெல்லாம் உனக்கு என்று ஒதுக்கிய தோட்டத்தில், லோரிக்குத் தடுப்புக்கட்டையைத் தூக்கினாய். தங்கச்சி வெயிலில் உர மூட்டை சுமந்தாள். ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை, நீங்கள் இரண்டு பேரும். திட்டியிருந்தால் திருப்பிக் கிண்டல் செய்து தப்பித்திருப்பேன்.

இப்போது அவளுக்கும் முட்டி வலி. எழும்போது கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறேன், இழுப்பதில்லை. "மரம் மாதிரி நிக்கிறியே, தூக்கி விடுண்ணே!" என்று ஏசுகிறாள். ஏன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

உன்னிடம் ஒருமுறை சொல்லப் பார்த்தேன். கேட் பக்கம், சாயங்காலம், உன் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு மணவறையில நான் இழுத்தது..."

"இழுக்கலன்னா இன்னும் அங்கயே உக்காந்திருப்பேன் மச்சான். ஒன் தங்கச்சி தப்பிச்சிருப்பா."

"வெளையாடாதடா. நீதான் காலு நீட்ட வரலன்னு சொன்னியே, நான்..."

லோரிக்காரன் ஹாரன் அடித்தான். நீ பலகையைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, கட்டையைத் தூக்கப் போய்விட்டாய்.